ஜப்பானில இருந்து பழைய சுப்பர் ஃபேமிகொம் (நிண்டெண்டோவின்ட டிவி கேம் மெசின்) ஒண்டைத் திருகோணமலைக்கு எடுப்பிக்கலாமா? கஸ்டம்ஸ்ல பிரச்சினை வருமா?

எடுப்பிக்கலாம். நான் எடுப்பிச்சனான், இப்பவும் வேலை செய்யுது. நீங்கள் கஸ்டம்ஸைப் பற்றித்தான் கேட்டிருக்கிறியள், எல்லாரும் முதல்ல அதைத்தான் கேட்கினம். கஸ்டம்ஸ் ஒரு நாள் அலைச்சல், அவ்வளவுதான். மெசினைச் சாகடிக்கிறது வீட்டுச் சுவர்ல இருக்கிற பிளக்.

நீங்களும் என்னைப்போல தொண்ணூறுகள்ல டிவி கேம் அடிச்சு வளர்ந்த ஆளாத்தான் இருப்பியள். எங்கட கைக்கு வந்தது நிண்டெண்டோவே இல்லை. 1983இல ஜப்பானில வந்த ஃபேமிகொமைப் பார்த்து அடிச்ச கொப்பி. கசெட்டில ஆயிரக்கணக்கில கேம் எண்டு போட்டிருக்கும், உள்ளுக்க அதே நாலைஞ்சு கேம்தான் பேர் மாறி மாறி வரும். ஜப்பான்காரன் 1990 நவம்பரிலேயே சுப்பர் ஃபேமிகொமுக்குப் போயிட்டான். 1990 திருகோணமலையில சண்டைக்கால வருசம், என்ன மாதிரி எண்டு ஊர்க்காரருக்குச் சொல்லத் தேவையில்லை. ஆகவே இந்த ஆசை எனக்கு முப்பது வருசத்துக்கு மேல பிந்தித்தான் நிறைவேறினது.

“எமுலேட்டர் போட்டால் போனிலயே விளையாடலாமே, காசை ஏன் கரியாக்கிறாய்?” எண்டு கீழ எழுத வாறவைக்கு இப்பவே சொல்லிப்போடுறன். தெரியும். என்ட போனிலயும் இருக்கு. காசு நான் உழைச்சது, பிள்ளையின்ட ரியூசன் காசில கை வைக்கேல்ல. பழைய மோட்டர் சைக்கிளுக்கு லட்சக்கணக்கில கொட்டுறவனை ஒருத்தரும் ஒண்டும் கேட்கிறதில்லை.

சரி, விசயத்துக்கு வாறன். ஜப்பான் ஏலத் தளங்கள்ல “ஜங்க்” எண்டு போட்டு விற்பினம். உடைஞ்ச சாமான் எண்டு நினைச்சுத் தாண்டிப் போயிடாதேங்கோ. பாதிக்கு அதின்ட கருத்து “நான் சோதிச்சுப் பார்க்கேல்ல, பிறகு என்னட்ட வராதே” எண்டதுதான். அப்பிடிப்பட்ட மெசின் சில ஆயிரம் யென்னுக்குக் கிடைக்கும். ஆனா அனுப்புற கூலி மெசினின்ட விலையைத் தாண்டலாம். வரி போடேக்க சாமானின்ட விலையை மட்டும் பார்க்கிறதில்லை, அனுப்பு கூலியையும் காப்புறுதியையும் சேர்த்துத்தான் கணக்குப் போடுவினம். அதுக்கு மேல வற் வரி, 2024 தை மாசத்தில இருந்து 18 வீதம். அதனால பாரத்தைக் குறையுங்கோ. அடப்டரைப் பெட்டியில வைக்க வேண்டாமெண்டு அங்க வாங்கி அனுப்புற முகவருக்கு எழுதிப்போடுங்கோ, இங்க அது ஒண்டுக்கும் உதவாது.

எனக்குப் பார்சல் வந்த சீட்டில அடையாள அட்டையும் பில்லும் கொண்டு கொழும்புக்கு வா எண்டு இருந்தது. இரவு பஸ்ஸில போய் விடியக்காலமை வீங்கின காலோட வரிசையில நிண்டன். அந்த உத்தியோகத்தர் பிளேட்டால டேப்பைக் கிழிச்சார், கசக்கி வச்ச ஜப்பான் பேப்பரை எல்லாம் மேசையில தள்ளினார், மெசினைத் தலைகீழாப் பிரட்டி அடியைப் பார்த்தார். புளூடூத், வைஃபை இருக்கா எண்டு கேட்டார். வயர்லெஸ் சாமானுக்குத் தொலைத்தொடர்பு ஆணைக்குழுவின்ட அனுமதி வேணும், இதுக்கு அந்தத் தொல்லை இல்லை. பிறகு பில்லையும் பாங்க் மெசேஜையும் காட்டச் சொன்னார். ரெண்டையும் பிரிண்ட் எடுத்து வச்சிருந்தன், நீங்களும் வைச்சிருங்கோ. எந்தக் குழப்பமும் இல்லை, கட்டினன், எடுத்தன். 2020இல இறக்குமதியை இறுக்கின காலத்தில, பிறகு 2022இல டொலர் 200 ரூபாயில இருந்து சில கிழமையில 300ஐத் தாண்டின காலத்தில எல்லாம் நான் மூச்சே விடேல்ல. அவசரப்படாமல் இருந்தது நல்லதாப் போச்சு.

கேள்விக்குச் சம்பந்தமில்லை எண்டாலும் இதைச் சொல்லாமல் விட மனம் வரேல்ல. உலகத்தின்ட பெரிய இயற்கைத் துறைமுகங்கள்ல ஒண்டு எங்கட வாசல்ல கிடக்கு. கோதுமைக் கப்பல் வருது. டோக்கியோ எண்டு பேர் வச்ச சிமெந்து ஃபக்டரியே எங்கட ஊர்லதான் நிக்குது. ஆனா டோக்கியோ பக்கமிருந்து வந்த ஒரு சின்னப் பெட்டியை எடுக்க நான் 250 கிலோமீற்றருக்கு மேல ஓட வேணும்! பெரிய டொக்டரைக் காட்டவும் கொழும்பு, விசாவுக்கும் கொழும்பு. அங்க போனால் படிவம் சிங்களத்தில, பக்கத்தில நிண்ட தம்பிதான் நிரப்பித் தந்தான். தமிழும் அரச கரும மொழியாகி எத்தினை வருசம்? சரி, விடுங்கோ.

இனிக் கரண்ட். ஜப்பானில 100 வோல்ட், எங்களுக்கு 230. வேண்டாமெண்டு எழுதியும் என்ட பெட்டிக்குள்ள அடப்டர் கிடந்தது. நான் முகம் கழுவிக்கொண்டு வாறதுக்குள்ள மச்சான் அதை மல்டி பிளக்கில செருகப் போட்டார். ஓடிப்போய்ப் பறிச்சன். “ஜப்பான் சாமான் தாங்கும் மச்சான்” எண்டார். 100 வோல்ட்டுக்கு மட்டும் செய்த சாமான் ரெண்டு மடங்குக்கு மேல வோல்ட்டைத் தாங்காது.

அதைத் தூக்கிக்கொண்டு என்.சி. வீதிப் பக்கம் டிவி திருத்துற ஐயா ஒருத்தரிட்டப் போனன். அவர் அடப்டரின்ட ஸ்டிக்கரைக் கண்ணாடி போட்டு வாசிச்சார்: டீசி 10 வோல்ட், 850 மில்லி அம்பியர். பக்கத்தில ஒரு சின்னப் படம், நடுவில கழித்தல், வெளியில கூட்டல். கடையில விற்கிற சிசிரிவி அடப்டர் எல்லாம் இதுக்கு நேர்மாறு, நடுவில கூட்டல். அதைச் செருகினால் நல்ல காலமெண்டால் உள்ளுக்க இருக்கிற ஃபியூஸோட போகும். ஐயா 9 வோல்ட் போதுமெண்டு 9 வோல்ட், ஒண்டரை அம்பியர் அடப்டர் ஒண்டை எடுத்து, வயரை வெட்டி, கூட்டலையும் கழித்தலையும் மாத்தி ஒட்டினார். பிறகு மீற்றரின்ட சிவப்பு முனையைப் பிளக்கின்ட ஓட்டைக்குள்ளயும் கறுப்பை வெளி விளிம்பிலயும் வச்சுக் காட்டினார். எண்ணுக்கு முன்னால கழித்தல் குறி வந்தது. “இது வந்தாத்தான் செருக வேணும் தம்பி, வராட்டிச் செருகாதே.” நீங்களும் இதைப் பார்க்காமல் சுவிட்ச் போடாதேங்கோ.

டிவியில அவ்வளவு சிக்கல் இல்லை. ஜப்பானின்ட டிவிப் பட முறை என்டிஎஸ்சி (NTSC), எங்கடது பால் (PAL). பழைய பெட்டி டிவி பால் மட்டும் பிடிக்கிறதெண்டால் கறுப்பு வெள்ளையில உருளும். மெனுவில “என்டிஎஸ்சி 3.58” இருந்தால் கலர் வரும். மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஓட்டை உள்ள எல்ஈடி டிவிகள் பெரும்பாலும் பிடிக்கும்.

லண்டன்ல சொந்தக்காரர் இருந்தால் “இஞ்ச இருந்து அனுப்புறன், பிளக்கும் சரி டிவியும் சரி” எண்டுவினம். என்ட ஒண்டவிட்ட அண்ணாவும் அதைத்தான் சொன்னார். உண்மைதான், ஆனா அந்த மெசின் 50 ஹேர்ட்ஸ்ல, அதாவது செக்கனுக்கு 50 தரம் படம் மாறி ஓடும், ஜப்பான் மெசின் 60. கன கேம் ஆறில ஒரு பங்கு மெதுவாகி, மேலயும் கீழயும் கறுப்புப் பட்டையோட வரும். ஸ்ட்ரீட் ஃபைட்டரை அப்பிடி விளையாடுறதெண்டால் நான் வரேல்ல. அண்ணா இண்டைக்கும் ஒத்துக்கொள்ளேல்ல.

அதே போல, ஆசைப்பட்டு 1983இன்ட முதல் ஃபேமிகொமை வாங்கிப்போடாதேங்கோ. அதில மஞ்சள், வெள்ளை, சிவப்பு வயருக்கு ஏவி ஓட்டை இல்லை, அன்ரனா வயரால ஜப்பானின்ட ஒண்டாம், ரெண்டாம் சனலுக்குத்தான் படம் போகும். அந்த ஒண்டாம் சனல் 90 மெகாஹேர்ட்ஸில தொடங்குது, எங்களுக்கு அது எஃப்எம் ரேடியோ இருக்கிற இடம்.

கசெட் வாங்கேக்க ஜப்பான் கசெட்டாப் பாருங்கோ. அமெரிக்கக் கசெட்டின்ட வடிவம் வேற, உள்ளுக்கே போகாது. லண்டன் கசெட் போகும், ஆனா வேற நாட்டுக் கசெட்டைத் தடுக்கிற பூட்டுச் சிப் விடாது. சேவ் பண்ணுற கேம்களுக்குள்ள சிஆர் 2032 பற்றரி ஒட்டியிருக்கும், முப்பது வருசத்தில அது செத்திருந்தால் அதே ஐயாட்டக் குடுத்து மாத்தலாம். கடல் பக்கம் வீடெண்டால் உப்புக் காத்தில கசெட்டின்ட உலோகக் கால் பச்சை பிடிக்கும், கசெட்டை மூடின டப்பாவில போட்டு வைங்கோ.