சாஸுக்கு முதுகெலும்பு புளிப்பு தான்: வாசகர் கேள்வி பதில்

இந்த தடவ வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல வீட்லயே பார்பிக்யூ சாஸ் பண்றத பத்தி தான். அதனால மத்த கேள்விகள அடுத்த இதழுக்கு தள்ளி வச்சுட்டு இத மட்டும் எடுத்துக்கறேன்.

கேள்வி: கெட்சப்ல சர்க்கரையும் மிளகாய்த்தூளும் கலந்து கொதிக்க வச்சேன். கெட்டியா வந்துச்சு, நிறமும் நல்லா தான் இருக்கு. ஆனா வாயில வச்சா வெறும் இனிப்பு கெட்சப் மாதிரியே இருக்கு. பாட்டில் சாஸ்ல வர்ற அந்த ருசி எங்கேர்ந்து வருது மேடம்?

பதில்: ரெண்டு பொருள் விட்டுப்போச்சு, வினிகரும் மொலாசஸும் (கரும்புச் சாறு காய்ச்சி சர்க்கரைய எடுத்த பிறகு மிஞ்சற கருப்புப் பாகு). கெட்சப்லயே சர்க்கரை, உப்பு, வினிகர் மூணும் ஏற்கனவே இருக்கு, அதுல மேல மேல சர்க்கரைய கொட்டினா உள்ள இருக்கற கொஞ்ச நஞ்ச புளிப்பும் அமுங்கிப் போயிடும், அப்புறம் என்ன காரம் போட்டாலும் நாக்குல நிக்காது. பார்பிக்யூ சாஸ எல்லாரும் இனிப்பு சாஸ்னு நெனைக்கறாங்க, நான் அப்படி நெனைக்கல. கொழுப்பான கறி மேல தடவறதுக்குன்னு பொறந்த சாஸ் இது, அந்தக் கொழுப்ப வெட்டறதுக்கு புளிப்பு இருந்தே ஆகணும், இனிப்பு அதுக்கு தொணை தான்.

நான் சொல்ற அளவு இது. கெட்சப் 2 கப், ஆப்பிள் சைடர் வினிகர் அரை கப், பிரவுன் சுகர் அரை கப், மொலாசஸ் கால் கப், வூஸ்டர்ஷயர் சாஸ் (வினிகர், புளி, மீன் எல்லாம் ஊறின இங்கிலாந்து சாஸ்) 1 டேபிள்ஸ்பூன், கடுகு பேஸ்ட் (மஸ்டர்ட்னு பாட்டில்ல வருமே அது தான்) 1 டேபிள்ஸ்பூன், ஸ்மோக்ட் பேப்ரிகா (புகையில காய வச்ச மிளகாய்ப்பொடி) 2 டீஸ்பூன், பூண்டுப்பொடி, வெங்காயப்பொடி ஒவ்வொண்ணும் 1 டீஸ்பூன், மிளகுத்தூள் அரை டீஸ்பூன். உப்பு இப்ப வேணாம், சாஸ் சுண்டும்போது உப்பும் சேந்து ஏறும், அதனால கடைசியா ருசி பாத்துட்டு போடுங்க.

அடி கனமான ஸ்டீல் பாத்திரம் எடுத்துக்கோங்க. கோட்டிங் இல்லாத அலுமினியம் வேணாம், புளிப்பு அதோட சேந்து ஒரு உலோக வாசன வந்துடும். ஒரு ஸ்பூன் வெண்ணெய் உருக்கி, அடுப்ப சிம்ல வச்சு பேப்ரிகா, பூண்டுப்பொடி, வெங்காயப்பொடி, மிளகு எல்லாத்தையும் அதுல போட்டு அரை நிமிஷம் கிளறுங்க, வாசன கிளம்பினதும் உடனே வினிகர ஊத்திடுங்க, விட்டா பேப்ரிகா கசந்துடும். அப்புறம் மீதி எல்லாம் போட்டு கலக்கி, மூடாம 20லேர்ந்து 30 நிமிஷம் சிம்லயே விடுங்க. ஆரம்பத்துல சின்னச் சின்ன குமிழா வேகமா வரும், சுண்டச் சுண்ட குமிழ் பெருசாகி மெதுவா ஒண்ணொண்ணா வெடிக்கும், அப்ப கைய கிட்ட கொண்டு போகாதீங்க, தெறிச்சா தோல்ல ஒட்டிக்கிட்டு சுடும். ஒரு ஸ்பூன முக்கி எடுத்து பின்பக்கம் விரலால ஒரு கோடு போடுங்க, அந்த கோடு அப்படியே நின்னா அடுப்ப அணைச்சுடலாம். ஆறினா இன்னும் கெட்டியாகும்.

இதுல ரொம்ப பேர் பண்ற விஷயம் ஒண்ணு, கொதிக்கும்போதே ருசி பாத்து முடிவு பண்றது. சூடா இருக்கறப்ப வினிகர் ஆவி மூக்குல ஏறும், ஐயோ புளிக்குதேன்னு இன்னும் ரெண்டு ஸ்பூன் சர்க்கரை போட்டுடுவீங்க. ஆறின பிறகு பாத்தா திகட்டும். ஒரு தட்டுல கொஞ்சம் ஊத்தி ஆற வச்சு ருசி பாருங்க. முடிஞ்சா ஒரு ராத்திரி ஃபிரிட்ஜ்ல வச்சுட்டு மறுநாள் எடுங்க, தனித்தனியா தெரிஞ்ச ருசியெல்லாம் ஒண்ணு சேந்திருக்கும்.

கேள்வி: பிரவுன் சுகர் இல்லன்னா வெள்ளச் சர்க்கரை போடலாமா?

பதில்: போடலாம். பிரவுன் சுகர்ங்கறது பெரும்பாலும் வெள்ளச் சர்க்கரையில மொலாசஸ் கலந்தது தான். 1 கப் வெள்ளச் சர்க்கரைக்கு 1 டேபிள்ஸ்பூன் மொலாசஸ் கலந்தா வெளிர் பிரவுன், 2 கலந்தா அடர் பிரவுன். மொலாசஸ் வாங்கும்போது பிளாக்ஸ்ட்ராப்னு போட்டிருக்கறத எடுக்காதீங்க, அது மூணாவது தடவ காய்ச்சி சர்க்கரைய எடுத்த பிறகு மிஞ்சறது, கசப்பு ஜாஸ்தி, சாஸையே கெடுத்துடும்.

கேள்வி: சிக்கன்ல சாஸ நல்லா தடவி ஊற வச்சு கிரில்ல போட்டேன், அஞ்சே நிமிஷத்துல வெளிய கருகிடுச்சு, உள்ள பச்சையா இருந்துச்சு. சாஸ்ல என்ன தப்பு?

பதில்: சாஸ்ல தப்பே இல்லங்க, தடவின நேரம் தான் தப்பு. சர்க்கரை சுமார் 160 டிகிரி செல்சியஸ்லயே காரமலாக, அதாவது உருகி பழுப்பாக, ஆரம்பிச்சுடும். தேன் சேத்திருந்தா இன்னும் சீக்கிரம், அதுல இருக்கற ஃப்ரக்டோஸ்ங்கற சர்க்கரை 110 டிகிரி பக்கத்துலயே நிறம் மாற ஆரம்பிக்கும். நேர் நெருப்புக்கு மேல இருக்கற கிரில் கம்பி 230 டிகிரிய சாதாரணமா தாண்டிடும். அப்ப என்ன ஆகும், சாஸ் முதல்ல காரமலாகி, அடுத்த நிமிஷமே கரியாகி, கறி அதுக்குள்ள வெந்திருக்கவே வெந்திருக்காது.

ஊற வைக்க உப்பு, மிளகு, பூண்டு, கொஞ்சம் எண்ணெய் போதும். சிக்கன மொதல்ல வேக விடுங்க, வெந்து முடிய ஒரு 10 நிமிஷம் இருக்கறப்ப நேர் நெருப்புலேர்ந்து ஓரத்துக்கு தள்ளிட்டு சாஸ மெல்லிசா ஒரு கோட்டிங் தடவி மூடி போடுங்க. மூணு நிமிஷம் கழிச்சு திறந்து பாத்தா சாஸ் வழியாம பிடிச்சு, மேல ஒரு பளபளப்பு வந்திருக்கும், அப்ப இன்னொரு கோட்டிங். இப்படி மெல்லிசா ரெண்டு மூணு தடவ தடவினா வர்ற அந்த ஒட்டற பளபளப்பு ஒரேடியா கொட்டினா எப்பவும் வராது. ஓவன்ல பண்றவங்களுக்கும் இதே முறை தான். தெர்மாமீட்டர் இருந்தா கறியோட நடுவுல குத்திப் பாருங்க, சிக்கன் 74 டிகிரி வந்திருக்கணும்.

முக்கியமா ஒண்ணு: தடவறதுக்குன்னு சாஸ ஒரு சின்ன கிண்ணத்துல தனியா எடுத்துக்கோங்க. பச்சைக் கறி பட்ட பிரஷ்ஷ பாட்டிலுக்குள்ள விட்டா அந்த பாட்டில் மொத்தமும் போச்சு, கிருமி ஏறின சாஸ தான் அப்புறம் மேஜையில வச்சு சாப்பிடுவீங்க. கிண்ணத்துல மிஞ்சினத யோசிக்காம கொட்டிடுங்க.

கேள்வி: நாங்க சைவம், சாஸ பனீர், காய்க்கு தான் தடவறோம். வூஸ்டர்ஷயர் சாஸ் சேக்கலாமா?

பதில்: லேபிள படிக்காம சேக்காதீங்க. வழக்கமான வூஸ்டர்ஷயர்ல நெத்திலி வகை மீன் ஊறி இருக்கும். இங்கிலாந்துல வூஸ்டர் ஊர்ல 1837லேர்ந்து லீ அண்ட் பெரின்ஸ் வித்துட்டு வர்ற சாஸ்லயும் வினிகர், மொலாசஸ், புளி, வெங்காயம், பூண்டோட அந்த மீனும் உண்டு. மீன் இல்லாத வகையும் வருது, கிடைச்சா வாங்கிக்கோங்க. கிடைக்கலன்னா 2 டீஸ்பூன் சோயா சாஸ், 1 டீஸ்பூன் வினிகர், ஒரு சிட்டிகை அளவு புளி பேஸ்ட் கலந்து ஊத்துங்க, வேல நடந்துடும். சோயால உப்பு ஜாஸ்தி, அத மனசுல வச்சு கடைசி உப்ப குறைச்சுக்கோங்க.

கேள்வி: வெள்ளையா, மஞ்சளா கூட பார்பிக்யூ சாஸ் இருக்கறதா சொல்றாங்களே, நிஜமா?

பதில்: நிஜம் தான். நம்ம பாட்டில்ல பாக்கற கெட்டி சிவப்பு சாஸ் அமெரிக்காவுல கான்சாஸ் சிட்டி பாணி, தக்காளியும் மொலாசஸும் தூக்கலா இருக்கறது. அங்கேயே வட கரோலைனாவோட கிழக்குப் பக்கம் போனா தக்காளியே கிடையாது, வினிகர், உப்பு, மிளகாய், மிளகு அவ்வளவு தான், தண்ணி மாதிரி இருக்கும், பன்றிக்கறிக்குள்ள ஊறிப்போகும். அதே மாநிலத்துல மேற்க லெக்சிங்டன் பக்கம் அதுலயே கொஞ்சூண்டு கெட்சப் சேப்பாங்க. மஞ்சள் சாஸ் தென் கரோலைனாவோடது, கடுகு பேஸ்ட் தான் அடிப்படை, அங்க குடியேறின ஜெர்மன்காரங்க வழியா வந்த ருசின்னு சொல்வாங்க. வெள்ள சாஸ் அலபாமாவுல டிகேட்டர் ஊர்ல பாப் கிப்சன்ங்கறவர் 1925ல ஆரம்பிச்சது, மயோனைஸ், வினிகர், மிளகு கலந்தது, புகையில வெந்த கோழிய முழுசா அதுல முக்கி எடுப்பாங்க. நடு டெக்சாஸ்ல நல்ல கறிக்கு சாஸே எதுக்குன்னு கேக்கறவங்களும் நெறைய.

இவ்வளவு வகையிலயும் பாருங்க, தக்காளி இல்லாத சாஸ் இருக்கு, சர்க்கரை பேருக்கு மட்டும் இருக்கற சாஸ் இருக்கு, ஆனா வினிகர் இல்லாதது ஒண்ணு கூட நான் சொல்லல. சர்க்கரைய குறைக்கணும்னு எழுதின வாசகருக்கும் இது தான் என் பதில், செயற்கை இனிப்பு தேடறத விட கிழக்கு கரோலைனா சாஸ் பண்ணிப் பாருங்க: 1 கப் ஆப்பிள் சைடர் வினிகர், 1 டீஸ்பூன் உப்பு, 1 டீஸ்பூன் மிளகாய் விதையும் தோலுமா இருக்கற சில்லி ஃப்ளேக்ஸ், அரை டீஸ்பூன் மிளகு, ஒரு பாட்டில்ல போட்டு குலுக்கி ஒரு நாள் வச்சா தயார், அடுப்பே வேணாம்.

கேள்வி: கெட்சப்புக்கு பதிலா ஃப்ரெஷ் தக்காளி?

பதில்: தாராளமா, ஆனா பொறுமை வேணும். தக்காளியில 94, 95 சதவீதம் தண்ணி தான், அத்தனையும் வத்தணும். 1 கிலோ தக்காளிய வேக வச்சு அரைச்சு வடிகட்டி, பாதிக்கும் கீழ சுண்ட விட்ட பிறகு தான் மத்தத சேக்கணும். கெட்சப்ல வந்துட்டு இருந்த சர்க்கரை, உப்பு, வினிகர் எதுவும் இதுல இருக்காது, மூணையும் கூட்டிக்கோங்க. நேரம் இல்லாதவங்க தக்காளி பேஸ்ட் வாங்கி தண்ணியில கரைச்சுக்கலாம், எனக்கு கெட்சப்ப விட அது தான் பிடிக்கும், இனிப்பு முழுக்க நம்ம கையில இருக்கும்.

கேள்வி: சீக்கிரம் கெட்டியாகணும்னு கார்ன் ஃப்ளோர் கரைச்சு ஊத்தினேன், மறுநாள் சூடு பண்ணா நீர்த்துப் போச்சு, ஏன்?

பதில்: புளிப்போட சேந்து திரும்பத் திரும்ப கொதிச்சா ஸ்டார்ச் உடைஞ்சு பிடிப்பு விட்டுடும், அதனால. தவிர மாவு போட்டா ஒரு மங்கல் வந்துடும், அந்த பளபளப்பு போயிடும். சுண்ட வச்சே கெட்டியாக்குங்க. ரொம்ப கெட்டியாயிட்டா கொஞ்சம் வினிகரும் தண்ணியும் கலந்து இளக்கிக்கலாம்.

கேள்வி: காரம் தூக்கலா ஆயிடுச்சுன்னா என்ன பண்றது? புளிப்பு ஜாஸ்தியானா சோடா மாவு போடலாமா?

பதில்: மிளகாயோட காரம் தண்ணியில கரையாது, கொழுப்புல தான் கரையும், அதனால தண்ணி ஊத்தறது வீண். ஒரு துண்டு வெண்ணெய் போட்டு கலக்குங்க, பத்தலன்னா காரமே இல்லாம இன்னொரு பங்கு சாஸ் பண்ணி இதோட கலந்துடுங்க. இனிப்பு ஏறிட்டா வினிகர ஒவ்வொரு டீஸ்பூனா விட்டுட்டு வாங்க. அடி பிடிச்சு கசந்துட்டா மட்டும் கரண்டியால சுரண்டாதீங்க, மேலாக இருக்கறத வேற பாத்திரத்துக்கு மாத்தி ருசி பாருங்க, அதுலயும் கசப்பு தெரிஞ்சா காப்பாத்த முடியாது.

சோடா மாவு வேணவே வேணாம். புளிப்ப அது கொன்னுடும், சாஸ் கெடாம நிக்கறதே அந்த புளிப்பால தான். ஒரு ஸ்பூன் பிரவுன் சுகரோ இன்னும் கொஞ்சம் கெட்சப்போ சேத்தா சரியாயிடும்.

கேள்வி: கிரில் கிடையாது, கேஸ் அடுப்பு தான். புகை வாசன எப்படி கொண்டு வர்றது?

பதில்: ஸ்மோக்ட் பேப்ரிகா தான் நம்பகமான வழி. ஸ்பெயின்ல லா வேரா பகுதியில மிளகாய ஓக் மர நெருப்புப் புகையில காய வச்சு பொடிக்கறது அது, நெறமும் குடுக்கும். காரமும் வேணும்னா சிபோட்லே போடுங்க, அது ஹாலபீன்யோங்கற மிளகாய பழுக்க விட்டு புகையில காய வச்சது. லிக்விட் ஸ்மோக்னு பாட்டில்ல வர்றத கெமிக்கல்னு பயப்படறாங்க, அது மரத்த எரிச்ச புகைய குளிர வச்சு நீராக்கினது தான், ஆனா 2 கப் சாஸுக்கு கால் டீஸ்பூன தாண்டாதீங்க, தாண்டினா சாம்பல் கரைச்ச மாதிரி இருக்கும்.

கேள்வி: எத்தன நாள் வச்சுக்கலாம்? தேன் போட்டு பண்ணத கைக்குழந்தைக்கு தொட்டுக் குடுக்கலாமா?

பதில்: ரெண்டாவது கேள்விக்கு முதல்ல சொல்லிடறேன், கூடவே கூடாது. 1 வயசுக்கு கீழ உள்ள குழந்தைக்கு தேன் எந்த ரூபத்துலயும் குடுக்கக் கூடாது, அதுல பாட்டுலிசம்ங்கற கடுமையான நச்சு நோய வர வைக்கற கிருமியோட விதை மாதிரி ஒரு நிலை இருக்கலாம், வீட்டு அடுப்புல கொதிக்க வச்சாலும் அது சாகாது. குழந்தைக்கு சாஸே எதுக்குங்க, உப்பும் சர்க்கரையும் நெறைய.

வச்சுக்கறதுன்னா, சுத்தமா கழுவி காய்ஞ்ச கண்ணாடி பாட்டில்ல ஊத்தி ஃபிரிட்ஜ்ல 2, 3 வாரம். ஈர ஸ்பூன் விடாதீங்க. ஃப்ரீசர்ல 3 மாசம் தாராளமா இருக்கும், பாட்டில் முழுக்க நிரப்பாம மேல கொஞ்சம் இடம் விடுங்க, உறைஞ்சா விரியும். அலமாரியில வெளிய வைக்கறது மட்டும் வேணாம், அதுக்கு புளிப்பு அளவ சோதிச்சு எழுதின ரெசிபியும் பாட்டில சூடாக்கி சீல் பண்ற முறையும் வேணும், நான் மேல குடுத்த அளவு அதுக்கானது இல்ல.