நடுவில் வரும் ஷட்டில் யாருக்கு?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் இறகுப்பந்து இரட்டையர் ஆட்டம், அதாவது டபுள்ஸ் பற்றியவை. முழங்கால் வலி, ராக்கெட்டுக்கு நரம்பு கட்டுவது பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மகனுக்கு 14 வயது. ஐந்து வருடமாகச் சிங்கிள்ஸ் ஆடுகிறான். இப்போது கோச், "இவனை டபுள்ஸுக்கு மாற்றிவிடலாம்" என்கிறார். என் மைத்துனரோ, "சிங்கிள்ஸில் தேறாதவனைத்தான் டபுள்ஸில் தள்ளுவார்கள்" என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?
*ஒரு தந்தை, மன்னார்குடி*

மைத்துனர் சொல்வது முழுப் பொய் இல்லை. நம் பக்கத்தில் வெகு காலம் அப்படித்தான் நடந்தது. காலையில் சிங்கிள்ஸில் தோற்றவன், மதியம் எவன் சும்மா உட்கார்ந்திருக்கிறானோ அவனைச் சேர்த்துக்கொண்டு டபுள்ஸுக்குப் பெயர் கொடுப்பான். நானே அப்படி நுழைந்தவன்தான்.

ஆனால் சாத்விக்சாய்ராஜ் ரங்கிரெட்டியின் கதையை மைத்துனருக்குச் சொல்லுங்கள். கோதாவரி டெல்டாவில் இருக்கிற அமலாபுரத்துப் பையன். அப்பா உடற்கல்வி ஆசிரியர், அவரும் ஷட்டில் ஆடியவர். 2014-இல் ஹைதராபாத்தில் கோபிசந்த் அகாடமியில் சேர்ந்தான். 2016-இல் இந்தியாவின் டபுள்ஸ் கோச்சாக இருந்த மலேசியர் டான் கிம் ஹெர், இவனை மும்பைக்காரரான சிராக் ஷெட்டியோடு சேர்த்துவிட்டார். சாத்விக்கைவிட சிராக் மூன்று வயது மூத்தவர். இருவருக்கும் அந்த ஏற்பாடு பிடிக்கவில்லை. காரணம் இருந்தது. இருவருமே ஆறடிக்கு மேல், இருவருமே பின்னால் நின்று ஸ்மாஷ் அடித்துப் பழகியவர்கள். டபுள்ஸில் ஒருவன் பின்னால் நின்று அடித்தால், இன்னொருவன் நெட்டுக்குக் கிட்டே நின்று திரும்பி வருவதை வெட்ட வேண்டும். இரண்டு பேரும் பின்னாலேயே நின்றால் முன்கோர்ட்டை யார் பார்ப்பது?

கோச் அசையவில்லை. சிராக் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் வந்தார். இப்போது அவர்கள் ஆடுவதைப் பார்த்தால், நெட்டருகே சிராக் குனிந்து நிற்கிற நிற்பில் அந்தப் பழைய பிடிவாதத்தின் தடயமே தெரியாது. 2019-இல் தாய்லாந்து ஓப்பனில் அப்போதைய உலக சாம்பியன்களான சீன ஜோடியைத் தோற்கடித்தார்கள். 2022-இல் ஆண்கள் அணிகளுக்கான உலகப் போட்டியான தாமஸ் கோப்பையை வென்ற இந்திய அணியில் இருந்தார்கள். 2023 அக்டோபர் 7 அன்று ஹாங்சோ ஆசியப் போட்டியில் தங்கம். ஆசியப் போட்டிகளில் இறகுப்பந்தில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் தங்கம் அதுதான். மூன்றே நாளில் உலகத் தரவரிசையில் முதலிடம். இதற்கு மேலும் மைத்துனர் பேசினால், நான் பொறுப்பில்லை.

கோச்சிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: "ஏன் டபுள்ஸ்?" அவர், "பையன் கை வேகம், நெட்டை ஒட்டித் தட்டையாக வரும் டிரைவை முன்னாலேயே போய் எடுக்கிறான், சர்வீஸைப் பயமில்லாமல் பாய்ந்து வாங்குகிறான்" என்றால் யோசிக்காமல் சரி சொல்லுங்கள். "சிங்கிள்ஸுக்கு ஸ்டாமினா பத்தவில்லை" என்றால் கோச்சை மாற்றுவது பற்றி யோசியுங்கள். டபுள்ஸ் ஆடுகிறவனுக்கு மூச்சு வாங்காது என்று நினைக்கிறவரிடம் பிள்ளையை விடக்கூடாது.

பூப்பந்து, இறகுப்பந்து, இரண்டும் ஒன்றுதானே சார்?
*பள்ளி மாணவி, அரியலூர்*

இல்லை அம்மா. பூப்பந்து கம்பளி நூலால் ஆன பந்து. தஞ்சாவூரில் பிறந்த ஆட்டம், பக்கத்துக்கு ஐந்து பேர். இறகுப்பந்து என்பது நாம் ஷட்டில் என்கிறோமே, அது, பதினாறு இறகு. நான் பள்ளியில் மண் தரையில் 'ஃபைவ்ஸ்' ஆடித்தான் ஆரம்பித்தேன். ஐந்து பேருக்கு நடுவில் வருகிற பந்தை யார் எடுப்பது என்பதில் நாங்கள் தகராறு செய்ததே இல்லை. இரண்டு பேரானதும்தான் வந்தது வினை.

டபுள்ஸ் ஜோடி வெளியிலும் நண்பர்களாக இருக்க வேண்டுமா? என் பார்ட்னரோடு கோர்ட்டுக்கு வெளியே எனக்குப் பேசவே பிடிக்கவில்லை.
*கல்லூரி மாணவர், சேலம்*

நண்பர்களாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் பேச வேண்டும். இரண்டும் வேறு வேறு.

என் கதையையே சொல்கிறேன். அப்போது 15 பாயின்ட் கணக்கு. சர்வீஸ் கையில் இருந்தால்தான் பாயின்ட். (21 பாயின்ட், யார் சர்வீஸ் போட்டாலும் பாயின்ட் என்பதெல்லாம் 2006-இல் வந்தது.) மாவட்டப் போட்டி இறுதி, மூன்றாவது கேம். அவர்கள் 14, நாங்கள் 13, சர்வீஸ் அவர்களிடம். நாங்கள் இருவரும் பக்கவாட்டில் நின்று டிஃபென்ஸ் ஆடிக்கொண்டிருந்தோம். ஒரு அரை ஸ்மாஷ், ஒன்றும் வேகமில்லை, எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் வந்து விழுந்தது. யாரும் ராக்கெட்டை நீட்டவில்லை. "உனக்குன்னு விட்டேன்" என்றேன். அவனும் அதையேதான் சொன்னான், அதே நேரத்தில்.

ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் அவன் முன் சீட்டில், நான் கடைசி சீட்டில். மூன்று மாதம் பேசவில்லை. அந்த மூன்று மாதத்துக்குள் மாநிலத் தேர்வு வந்துபோனது. எனக்கு வேறு ஒருவனைச் சேர்த்துவிட்டார்கள். நல்ல பையன், நல்ல ஸ்மாஷ். முதல் சுற்றிலேயே தோற்றோம். அவன் எந்தப் பக்கம் நகர்வான் என்று எனக்குத் தெரியாது, நான் எங்கே நகர்வேன் என்று அவனுக்குத் தெரியாது. பழைய பார்ட்னர் காலரியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் சந்தோஷம் இல்லை. அதைப் பார்த்த பிறகுதான் போய்ப் பேசினேன்.

தொழில்முறை ஆட்டத்தில் இது இன்னும் கொடுமை. உலகத் தரவரிசைப் புள்ளிகள் ஜோடிக்குத்தான் சேரும். பார்ட்னரை மாற்றினால் புது ஜோடிக்கு ஏணியின் கீழ்ப்படியிலிருந்து ஏற வேண்டும். ஒருவனுக்குத் தோள்பட்டை போனால் இன்னொருவன், உடம்பில் ஒரு குறையும் இல்லாமல், வீட்டில் உட்கார்ந்திருப்பான். நாளைக்குக் காலையில் பார்ட்னரோடு ஒரு டீ குடியுங்கள். பிடிக்காவிட்டாலும் குடியுங்கள்.

சாத்விக்கின் ஸ்மாஷ் மணிக்கு 565 கிலோமீட்டர் என்கிறார்கள். உண்மையா? ரயிலே அவ்வளவு வேகம் போகாதே.
*ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர், விழுப்புரம்*

உண்மைதான், கின்னஸில் இருக்கிறது. ஆனால் மேட்சில் அடித்ததல்ல. 2023 ஏப்ரலில் ஜப்பானில் சைத்தாமா மாகாணத்தில் உள்ள யோனெக்ஸ் தொழிற்சாலைக் கூடத்தில் அளந்தது. ராக்கெட்டை விட்டுக் கிளம்புகிற நொடியில்தான் அந்த வேகம். இறகு காற்றைப் பிடித்து இழுக்கும், நெட்டைத் தாண்டுவதற்குள் பாதிக்கு மேல் செத்துவிடும். உங்கள் ரயில் அப்படி இல்லையே.

இதில் நான் கவனித்த வேறொன்று உண்டு. இதற்கு முன் பத்து வருடம் 493 கிலோமீட்டரோடு சாதனை வைத்திருந்த மலேசியாவின் டான் பூன் ஹியோங், டபுள்ஸ் வீரர். சாத்விக்கோடு அதே நாளில் 438 அடித்துப் பெண்கள் சாதனை படைத்த பேர்லி டான், அவரும் டபுள்ஸ். சிங்கிள்ஸில் முழு உடம்பையும் போட்டு அடித்தால், திரும்பி வருகிற ஷட்டிலை யார் எடுப்பது? டபுள்ஸில் முன்னால் ஒருத்தன் இருக்கிறான் என்ற தைரியத்தில் குதிக்கலாம். அந்த 565-இல் முன்னால் நிற்கிற சிராக்குக்கும் கொஞ்சம் பங்கு உண்டு என்பது என் கணக்கு.

டோக்கியோ ஒலிம்பிக்கில் மூன்றில் இரண்டு மேட்ச் ஜெயித்தும் சாத்விக்-சிராக் ஜோடியை வெளியே அனுப்பினார்களே, அது எப்படி நியாயம்?
*ஒரு வாசகர், நாகர்கோவில்*

எனக்கும் அன்று சோறு இறங்கவில்லை. ஆனால் கணக்கு சரிதான். பிரிவில் நான்கு ஜோடி, முதல் இரண்டுக்குத்தான் அடுத்த சுற்று. சாத்விக்-சிராக், இந்தோனேசியாவின் கிடியோன்-சுகமுல்ஜோ, தைவானின் லீ யாங்-வாங் சி-லின் மூவருக்குமே இரண்டிரண்டு வெற்றி. அப்புறம் கேம் வித்தியாசம், அதாவது வென்ற கேமிலிருந்து தோற்ற கேமைக் கழித்துப் பார்த்தார்கள். நம்மவர்கள் நான்கு கேம் வென்று மூன்று தோற்றிருந்தார்கள். தைவான் ஐந்துக்கு மூன்று, இந்தோனேசியா ஐந்துக்கு இரண்டு. ஒரே ஒரு கேமில் போயிற்று.

வயிற்றெரிச்சல் என்னவென்றால், லீ-வாங்கை நம்மவர்கள்தான் முதல் மேட்சிலேயே தோற்கடித்திருந்தார்கள், கடைசி கேம் 27-25. அந்தத் தைவான் ஜோடி அதன்பின் போய்த் தங்கமே வாங்கியது. மூன்று வருடம் கழித்துப் பாரிஸிலும் வாங்கியது.

பாரிஸ் நம் ஜோடிக்கு இன்னும் வலி. காலிறுதியில் மலேசியாவின் ஆரோன் சியா-சோ வூய் யிக்கிடம் முதல் கேமை 21-13 என்று எடுத்துவிட்டு, 14-21, 16-21 என்று விட்டார்கள். இந்த மலேசிய ஜோடியிடம் முதல் எட்டு முறையும் தோற்று, ஒன்பதாவதாக 2023 இந்தோனேசியா ஓப்பன் இறுதியில்தான் ஜெயித்தார்கள். பாரிஸோடு டேனிஷ் கோச் மத்தியாஸ் போ விலகினார். அடுத்த வருடம் பழைய டான் கிம் ஹெர் திரும்பி வந்தார். 2025 பிப்ரவரியில் சாத்விக் தந்தையை இழந்தார். அந்த ஆகஸ்டில் உலக சாம்பியன்ஷிப், மறுபடி பாரிஸ், அதே அரங்கம், காலிறுதியில் அதே மலேசியர்கள். இந்த முறை நேர் கேம்களில் முடித்தார்கள். அந்தப் போட்டியில் வெண்கலம். ஒலிம்பிக் பதக்கத்துக்கு அது ஈடாகாதுதான். ஆனால் அன்று எனக்குச் சோறு இறங்கியது.

பரிசுப் பணத்தைப் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்வார்களா?
*வங்கி ஊழியர், மதுரை*

ஆமாம், இங்கேதான் டபுள்ஸ்காரன் வயிற்றில் அடிக்கிறார்கள். 2023 ஆல் இங்கிலாந்து போட்டியில் சிங்கிள்ஸ் சாம்பியனுக்கு 87,500 டாலர். டபுள்ஸ் சாம்பியன் ஜோடிக்கு 92,500. ஆளுக்கு 46,250. விமான டிக்கெட்டை யாரும் பாதி விலைக்குத் தருவதில்லை. உச்சியில் இருப்பவர்களுக்கு விளம்பரம் வரும். கீழே இருப்பவர்களை ரயில்வே, எண்ணெய் நிறுவன வேலைகள்தான் காப்பாற்றுகின்றன. வேலை கிடைத்தால் விடாதீர்கள் என்றுதான் என் பையன்களிடமும் சொல்கிறேன்.

எனக்கு 29 வயது. இனிமேல் டபுள்ஸில் ஏதாவது செய்ய முடியுமா?
*ஒரு வாசகர், கொழும்பு*

இந்தோனேசியாவின் ஹெந்த்ரா செத்தியவான், முகமது அஹ்சானோடு சேர்ந்து 2019-இல் உலக சாம்பியன் ஆன அன்று அவருக்கு 35-ஆவது பிறந்தநாள். 2008-இல் மார்கிஸ் கிடோவோடு ஒலிம்பிக் தங்கம் வாங்கியவர், ஓய்வு பெறும்போது வயது 40. கடைசிக் காலத்தில் அவர் குதித்ததை நான் அதிகம் பார்த்ததில்லை. ஷட்டில் வருகிற இடத்தில் ஏற்கெனவே நின்றிருப்பார், அவ்வளவுதான். அது அவரைப் போன்றவருக்கு. உங்களுக்கு, இப்போதே தினமும் இருநூறு ஷார்ட் சர்வீஸ் போடத் தொடங்குங்கள். தரையிலிருந்து 1.15 மீட்டருக்குக் கீழே அடிக்க வேண்டும் என்ற விதியை மறந்துவிடாதீர்கள். சர்வீஸுக்கு வயதாவதில்லை.

நானும் என் கணவரும் குடியிருப்பில் மிக்ஸட் டபுள்ஸ் ஆடுகிறோம். நடுவில் வருகிற எல்லா ஷட்டிலையும் "மைன்! மைன்!" என்று கத்திக்கொண்டு அவரே எடுக்கிறார், பாதியை நெட்டில் அடிக்கிறார். நடுவில் வருவது யாருக்குச் சொந்தம்?
*ஒரு வாசகி, கோவை*

இருவரும் வலதுகைக்காரர்கள் என்றால், பக்கவாட்டில் நின்று டிஃபென்ஸ் ஆடும்போது இடது பாதியில் நிற்பவருக்கு. அவருடைய ஃபோர்ஹேண்ட் நடுக்கோட்டுப் பக்கம் இருக்கும், எடுப்பது சுலபம். இது நான் அந்த மாவட்ட இறுதிக்குப் பின் தெரிந்துகொண்டது. அன்று இடது பாதியில் நின்றவன் நான்தான். என் பழைய பார்ட்னர் இந்தப் பத்தியைத் தவறாமல் படிக்கிறவன். இத்தனை வருடம் அவனிடம் நான் இதை ஒப்புக்கொண்டதில்லை.

நீங்கள் இனி இடது பக்கம் நில்லுங்கள். அவர் கத்துவதற்கு முன்னால் "மைன்" என்று நீங்கள் கத்துங்கள்.