மறுவாழ்வு மையத்தில் கணவர்: முதல் நாள் காகிதம் எங்கே?

கேள்வி: கேரளாவில் கொழிஞ்சாம்பாறை பக்கம் எங்களுக்குத் தென்னந்தோப்பு இருக்கிறது. கணவருக்கு வயது 44. பகலில் கள்ளுஷாப்பு, சாயங்காலம் பெவ்கோ (கேரள அரசு மதுக்கடை), ராத்திரி தூக்க மாத்திரை. கணைய வீக்கம், வலிப்பு, பிதற்றல் என்று இந்த வருடம் இரண்டு தடவை பாலக்காட்டில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். இரண்டாம் தடவை டிஸ்சார்ஜ் ஆன அன்றே, என் அண்ணன் ஏற்பாட்டில் பொள்ளாச்சிப் பக்கத்து மறுவாழ்வு மையத்து வேன் வந்தது. நாலு பேர் அவரை வாசலிலேயே தூக்கி ஏற்றிப் போனார்கள். ஆறு மாத கோர்ஸ் என்றார்கள். 60,000 ரூபாய் அட்வான்ஸ் கட்டிக் கையெழுத்துப் போட்டேன். 45 நாள் யாரும் பார்க்கக் கூடாதாம். இன்றோடு 18 நாள். நான் ஆளைக் கடத்திவிட்டேன் என்று மாமியாரும் கொழுந்தனாரும் ஸ்டேஷனில் புகார் கொடுத்திருக்கிறார்கள். அவருக்குக் குடிக்கக் காசு கொடுத்ததே மாமியார்தான். என் 22 பவுன் அடகில் கிடக்கிறது. மையத்திலேயே கையெழுத்து வாங்கித் தருவார்கள், தோப்பை உன் பேருக்கு மாற்றிக்கொள் என்கிறான் அண்ணன். நான் செய்தது தப்பா?

பதில்: தப்பா சரியா என்பதை விடுங்கள். மாமியார் காசு கொடுத்ததும் அடகு நகையும் இப்போது கணக்கில் வராது. நகை, குடியிருக்கும் உரிமை, மாதச் செலவு எல்லாவற்றுக்கும் 2005ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டத்தில் தனி வழி இருக்கிறது. அது காத்திருக்கும். காத்திருக்காத கேள்வி ஒன்றுதான்: உங்கள் கணவர் எந்தச் சட்டப் பிரிவின்படி அந்த மையத்துக்குள் இருக்கிறார்?

மதுவாலும் போதையாலும் வரும் மனநிலைக் கோளாறு 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருகிறது. தானாக வராத ஒருவரைச் சேர்க்க அதில் இருக்கும் முக்கிய வழி 89ஆம் பிரிவு. சேர்த்த அன்றோ அதற்கு முந்தைய 7 நாட்களுக்குள்ளோ இரண்டு பேர் அவரைத் தனித்தனியே பரிசோதித்திருக்க வேண்டும். அதில் ஒருவர் மனநல மருத்துவர். தனக்கோ பிறருக்கோ ஆபத்து விளைவிக்கிறார், அல்லது தன்னைக் கவனித்துக்கொள்ள முடியாமல் ஆபத்தில் இருக்கிறார் என்று எழுத வேண்டும். தானாக முடிவெடுக்கும் நிலையிலும் அவர் இருக்கக் கூடாது. 7 நாட்களுக்குள், இப்படிச் சேர்ப்பதைச் சரிபார்க்கும் மனநல மறுஆய்வு வாரியத்துக்குத் தகவல் போயிருக்க வேண்டும். இதெல்லாம் இருந்தாலும் அனுமதி 30 நாட்களுக்குத்தான். 'ஆறு மாத கோர்ஸ்' என்று எழுதிய படிவத்துக்கு இந்தச் சட்டத்தில் எந்த மதிப்பும் இல்லை.

உங்கள் கையெழுத்து இந்தக் காகிதங்களுக்கு மாற்று ஆகாது. மனைவிகள் விழுவது இங்கேதான். 'குடும்பத்தார் சம்மதம்' என்ற அச்சடித்த தாளில் கையெழுத்துப் போட்டதோடு பொறுப்பு மையத்துடையது என்று நினைத்துவிடுகிறார்கள். புகார் வந்ததும் மையம் முதலில் எடுத்து நீட்டுவது அந்தத் தாளைத்தான்: 'நாங்கள் கூட்டிவரவில்லை, மனைவி ஒப்படைத்தார்.' மருத்துவர் சான்று இல்லையென்றால், உங்கள் கையெழுத்தே முறையற்ற காவலுக்கு நீங்களும் உடந்தை என்பதற்குச் சாட்சி. புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 127ஆம் பிரிவில் 10 நாள் ஒரு கோடு. அதைத் தாண்டிய அடைப்புக்கு 5 வருடம் வரை சிறையும், 10,000 ரூபாய்க்குக் குறையாத அபராதமும் உண்டு. நீங்கள் 18ஆம் நாளில் இருக்கிறீர்கள்.

இதைவிட மோசமானது டிஸ்சார்ஜ் சம்மரி. ஆஸ்பத்திரிகள் வழக்கமாகக் கடைசிப் பக்கத்தில் 'நல்ல நினைவுடன், இடம் காலம் அறிந்தவராக அனுப்பப்பட்டார்' என்று ஒரு வரி எழுதும். அதே நாள் சாயங்காலம் அவர் முடிவெடுக்கத் திராணியற்றவர் என்று மையம் எழுதியிருந்தால், இரண்டு காகிதமும் கோர்ட்டில் எதிரெதிரே நிற்கும். ஆனால் ஒரு வழியும் அங்கேயே இருக்கலாம். பிதற்றல் வந்த நாட்களில் பாலக்காட்டு மனநல மருத்துவர் யாராவது அவரைப் பார்த்துக் குறிப்பு எழுதினாரா? அது 7 நாள் கணக்குக்குள் விழுந்தால் உங்களுக்கு ஓரளவு பிடிமானம். நாளைக்கே கேஸ் ஷீட் நகலுக்கு எழுதிக் கொடுங்கள்.

45 நாள் பார்க்கக் கூடாது என்பது மையத்தின் விதி, சட்டத்தின் விதி அல்ல. ஆட்களைப் பார்க்கவும் போனில் பேசவும் நோயாளிக்கு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 26ஆம் பிரிவு உரிமை தருகிறது. நேரில் போய் மூன்றைக் கேளுங்கள்: தமிழ்நாடு மாநில மனநல ஆணையத்தின் பதிவுச் சான்று, இரண்டு பரிசோதனைக் குறிப்புகள், வாரியத்துக்கு அனுப்பிய தகவலின் நகல். மையம் எல்லைக்கு அந்தப் பக்கம் இருப்பதால் கேரள வாரியத்திடம் போய் நிற்பதில் பயனில்லை. மூன்றில் ஒன்று இல்லையென்றாலும் அவர் அங்கே இருக்க வேண்டாம். குடியை நிறுத்தியவருக்கு முதல் இரண்டு நாளில் வலிப்பும், இரண்டிலிருந்து நாலாம் நாளுக்குள் பிதற்றலும் வருவது வழக்கம். மருத்துவர் இல்லாத மையங்களில் உயிர் போவது பெரும்பாலும் அந்த நாட்களில். உங்கள் கணவர் அதைத் தாண்டிவிட்டார் என்பது மையத்தின் திறமைக்குச் சான்று ஆகாது.

இன்னொரு தந்திரம்: 30ஆம் நாள் காகிதத்தில் டிஸ்சார்ஜ், 31ஆம் நாள் புது அட்மிஷன். 7 நாட்களுக்குள் திரும்பச் சேர்ப்பதென்றால் 90ஆம் பிரிவுக்குத்தான் போக வேண்டும். அதற்கு இரண்டு மனநல மருத்துவர்களும் வாரியத்தின் அனுமதியும் வேண்டும். அப்படி ஒரு தாளை நீட்டினால் கையெழுத்துப் போடாதீர்கள்.

தோப்பு விஷயம். உங்கள் அண்ணனின் யோசனை உங்களை முடித்துவிடும். சொந்தமாக முடிவெடுக்க முடியாதவர் என்று சொல்லித்தான் அவரை உள்ளே வைத்திருக்கிறீர்கள். அதே மனிதர் அதே கட்டிடத்தில் உட்கார்ந்து, புத்தித் தெளிவோடு தோப்பை எழுதிக் கொடுத்தார் என்று எப்படிச் சொல்வீர்கள்? ஒப்பந்தச் சட்டம் 12ஆம் பிரிவு தெளிந்த புத்தியைக் கேட்கிறது. 16ஆம் பிரிவு நோயால் பலவீனப்பட்ட மனதை வளைத்து வாங்கியதைத் தள்ளுகிறது. பத்திரத்தை ரத்து செய்ய அவருக்கு, விஷயம் தெரிந்த நாளிலிருந்து 3 வருடம் இருக்கிறது. அது போகட்டும். அந்தப் பத்திரம் இருக்கிற நாளிலிருந்து 'சிகிச்சைக்காகச் சேர்த்தேன்' என்ற உங்கள் வாதம் செத்துவிடும். சொத்துக்காக அடைத்தாள் என்பதற்குக் கொழுந்தனார் வேறு சாட்சி தேட வேண்டாம். பவர், வெற்றுத்தாள், பேங்க் படிவம், எதிலும் இப்போது அவர் கையெழுத்து வேண்டாம்.

மாமியாரோடு சண்டை போடாதீர்கள். மனைவி என்பதால் உங்களுக்கு முதலிடம் என்று சட்டம் சொல்லவில்லை. உங்கள் கணவர் யாரையும் நியமனப் பிரதிநிதியாக, அதாவது சிகிச்சை விஷயத்தில் தன் சார்பில் நிற்கும் ஆளாக, எழுதி வைக்காவிட்டால் உறவினர் வரலாம் என்கிறது மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 14ஆம் பிரிவு. ரத்த உறவும் திருமண உறவும் அதில் ஒன்றுதான். அவரைக் கோர்ட்டில் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லி மாமியார் தரப்பு ஆட்கொணர்வு மனு போட்டால் நீதிபதி உங்கள் கணவரைத்தான் கேட்பார். 'வீட்டுக்குப் போகணும்' என்று அவர் சொன்னால் மனு அங்கேயே முடியும். உங்கள் மீதான புகார் மட்டும் மிச்சமிருக்கும்.

ஆகவே சமாதானமாகப் போங்கள். கொழுந்தனாரையும் மாமியாரையும் கூட்டிக்கொண்டே மையத்துக்குப் போய், பதிவு பெற்ற, மனநல மருத்துவர் உள்ள ஆஸ்பத்திரிக்கு மாற்றுங்கள். அங்கே 86ஆம் பிரிவில் அவரே கையெழுத்துப் போட்டுச் சேரட்டும். தெளிந்த பிறகு நியமனப் பிரதிநிதி யார் என்று வெள்ளைத்தாளில் அவர் கையால் எழுதட்டும். மாமியார் பெயரை எழுதினாலும் தடுக்காதீர்கள். சேர மறுத்துக் குடிக்கப் போய்விடுவாரே என்பீர்கள். போகலாம். அப்போது ஆபத்து நிலை வந்தால் 89ஐ முறைப்படி தொடங்கலாம். உங்களை அடித்தால் குடும்ப வன்முறைச் சட்டம் இருக்கிறது. 60,000 ரூபாயை மறந்துவிடுங்கள். அதற்காக மையத்தோடு மல்லுக்கட்டினால், அவர்கள் எழுதி வைத்திருக்கும் 'மனைவியின் வேண்டுகோள்' ஸ்டேஷனுக்குப் போகும்.

சமரசத்தைப் பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகா சட்டப் பணிகள் குழுவில் எழுத்தில் கொண்டுவாருங்கள். பெண் என்பதால் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் கிடைப்பார். 'தோப்பை இரு தரப்பும் தொடுவதில்லை' என்று ஒரு வரி அதில் கட்டாயம் இருக்கட்டும். ஸ்டேஷனில் கூப்பிட்டால் போங்கள், மறைக்காதீர்கள். ஆனால் மலையாளத்தில் எழுதிய வாக்குமூலத்தை வாசித்துக் காட்டச் சொல்லாமல் கையெழுத்துப் போட வேண்டாம். உங்கள் விளக்கத்தைத் தமிழிலேயே எழுதிக் கொடுத்து, நகலில் ரசீது முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். மையத்துக்குப் பணம் கட்டிய ரசீதையும் வேன் ஆட்கள் அனுப்பிய வாட்ஸாப் செய்திகளையும் அழித்துவிடாதீர்கள். அண்ணனிடம் இருக்கும் செய்திகளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.