எட்ருஸ்கன் கல்லறை, இடைக்கால ஊர், ஏரி மூன்றையும் 2 நாளில் பார்க்க இத்தாலியில் எங்கே போகலாம்?

ரோமிலிருந்து 2 நாள் ஒதுக்க முடியும், எங்கே போகலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். என் பதில் பொல்சேனா ஏரி. ஆனால் எடுத்த எடுப்பில் ஏரிக்கரையில் போய் இறங்காதீர்கள். முதல் நாளைக் குன்றின் மேல் இருக்கும் ஒர்வியேத்தோ என்ற ஊருக்குக் கொடுங்கள். ஏரிக்கரை ஊரின் கதை அந்தக் குன்றின் மேல்தான் தொடங்குகிறது.

ரோமானியர்களுக்கு முன்பே நடு இத்தாலியில் வாழ்ந்த எட்ருஸ்கர்களின் வெல்ஸ்னா நகரம் அங்கேதான் இருந்தது என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து. கி.மு. 264-இல் ரோமானியப் படை அதை அழித்தது. 2,000 சிலைகளை வாரிக்கொண்டு போனதாகப் பழைய குறிப்பு உண்டு. எஞ்சிய மக்களைக் கீழே ஏரிக்கரையில் குடியேற்றினார்கள். அப்படி உருவான ஊர்தான் இன்றைய பொல்சேனா.

குன்றின் அடிவாரத்தில் குரொச்சிபீஸோ தெல் தூஃபோ என்ற இடுகாடு இருக்கிறது. அங்கே நான் அரை நாள் இருந்தேன், இன்னும் இருந்திருக்கலாம். வீதி பிரித்து வீடு கட்டியதுபோலக் கல்லறைகள் வரிசையாக நிற்கின்றன. குனிந்து உள்ளே போனால் இறந்தவரைக் கிடத்திய கல் திண்ணை. மேலே இருபுறமும் கற்களை நெருக்கிக்கொண்டே வந்து மூடிய கூரை. வாசல் மேல்கல்லில் வலமிருந்து இடமாக எழுத்து வெட்டியிருக்கிறார்கள். பல வாசல்களில் முதல் சொல் ‘மி’, அதாவது ‘நான்’. அப்புறம் உரியவர் பெயர். ‘நான் இன்னாருடையது’ என்று கல்லறையே பேசுகிறது! ஊரைப் பெயர்த்து எடுத்துப் போனவர்களால் இந்தப் பெயர்களை எடுத்துப் போக முடியவில்லை. அந்த வாசலில் நிற்கும்போது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

மறுநாள் பொல்சேனா, 20 கிலோமீட்டர் சொச்சம். சாந்தா கிறிஸ்தினா கோயிலுக்குக் கட்டாயம் போங்கள். 1263-இல் இங்கே பூசை வைத்த ஒரு பொஹீமியப் பாதிரியாரின் கையில் அப்பத்திலிருந்து இரத்தம் கசிந்தது என்பது நம்பிக்கை. அப்பத்துக்கு அடியில் விரித்திருந்த, கறைபட்ட துணியை அப்போது ஒர்வியேத்தோவில் தங்கியிருந்த போப் நான்காம் உர்பானிடம் கொண்டுபோனார்கள். இன்றும் அது அங்குள்ள பேராலயத்தில்தான் இருக்கிறது. மக்கள் இறங்கி வந்து குடியேறிய ஊரிலிருந்து 1,500 ஆண்டு கழித்து ஒரு துணி மேலே ஏறிப் போயிருக்கிறது. இந்த இரண்டு பயணங்களையும் மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால் பொல்சேனாவின் இடைக்காலக் கோட்டையும் சந்துகளும் வேறு மாதிரி தெரியும்.

ஏரி எரிமலைப் பள்ளத்தில் நிறைந்த நீர். ஆழம் 151 மீட்டர், கரை மணல் கறுப்பு. எதிரே தெரியும் மர்த்தானா தீவில்தான் அப்போது இத்தாலியை ஆண்ட கோத் இனத்தின் அரசி அமலசுந்தா 535-இல் கொல்லப்பட்டாள். சாயங்காலம் ஸ்ப்ரோஷா கேளுங்கள். ஏரி மீனும் காய்ந்த ரொட்டியும் சேர்த்த மீனவர் சூப், வயிறு நிறையும்.

ரோமிலிருந்து ஒர்வியேத்தோவுக்கு ரயில் உண்டு. அங்கிருந்து பொல்சேனாவுக்குப் பேருந்துகள் குறைவு, அதனால் ஞாயிற்றுக்கிழமையைத் தவிர்த்துவிடுங்கள்.