இலவசமாகப் போட்ட இன்சுலேஷன், சுவரெல்லாம் பூஞ்சணம்: யாரிடம் கேட்பது?

கேள்வி: லண்டன் ஈஸ்ட் ஹாமில், அம்மாவின் பெயரில் உள்ள வீட்டில் இருக்கிறோம். நூறு வருசத்துக்கு மேல் பழைய செங்கல் வீடு. அம்மாவுக்குப் பென்ஷன் கிரெடிட் (வருமானம் குறைந்த முதியோருக்கான அரசு உதவித்தொகை) வருகிறது. 2023 கடைசியில் ஒருவர் கதவைத் தட்டி, எக்கோ-4 என்ற அரசுத் திட்டத்தில் வெளிச்சுவருக்கு இலவசமாக இன்சுலேஷன் (வெப்பம் வெளியேறாமல் தடுக்கும் உறை) போட்டுத் தருவதாகச் சொன்னார். வேலை முடிந்ததும் அம்மா டேப்லெட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அவருக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. அடுத்த குளிர்காலமே பின்னறைச் சுவரில் ஈரமும் கறுப்புப் பூஞ்சணமும் வந்துவிட்டன. அம்மாவுக்கு மூச்சு இழுப்பு கூடிவிட்டது. கம்பெனிக்கு ஃபோன் எடுத்தால் பதில் இல்லை. “காசு கட்டாத வேலைக்கு என்ன கேஸ்?” என்கிறார்கள் தெரிந்தவர்கள். இப்போது இன்னொருவர் வந்து, வீட்டைச் சூடாக்கும் ஹீட் பம்ப் போட 7,500 பவுண்ட் மானியம் உண்டு, உடனே கையெழுத்துப் போடுங்கள் என்கிறார். அம்மா வீட்டை என் பெயருக்கு மாற்றவும் நினைக்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: சகோதரருக்கு வணக்கம். முதலில் அம்மாவின் உடம்பைப் பாருங்கள். அவரை அந்தப் பின்னறையில் படுக்க விடாதீர்கள். மூச்சு இழுப்பைப் பற்றிக் குடும்ப மருத்துவரான ஜிபியிடம் சொல்லும்போது வீட்டில் பூஞ்சணம் இருப்பதையும் சொல்லி, அதைக் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள். அது சிகிச்சைக்கும் உதவும், பிறகு சாட்சியமாகவும் நிற்கும்.

காசு கட்டவில்லை என்பதால் உரிமை இல்லாமல் போகாது. இங்கிலாந்தில் 1972ஆம் ஆண்டின் குறைபாடுள்ள கட்டடங்கள் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. பல காலம் அது பெரும்பாலும் புதிதாகக் கட்டும் வீடுகளுக்குத்தான் பயன்பட்டது. லண்டன் கிரென்ஃபெல் அடுக்குமாடித் தீ விபத்துக்குப் பிறகு வந்த 2022 கட்டடப் பாதுகாப்புச் சட்டம், அதில் 2ஏ என்ற புதிய பிரிவைச் சேர்த்தது. இருக்கிற வீட்டில் ஒரு நிறுவனம் தொழில்முறையாக வேலை எடுத்துச் செய்தால், அதைத் தேர்ந்த முறையிலும் சரியான பொருள்களாலும் செய்ய வேண்டும், வேலை முடியும்போது அந்த வீடு குடியிருக்கத் தகுந்ததாக இருக்க வேண்டும் என்கிறது அந்தப் பிரிவு. 2022 ஜூன் 28க்குப் பிறகு முடிந்த வேலைகளுக்கு இது பொருந்தும். உங்கள் வேலை அதற்குள் வருகிறது.

இந்தக் கடமை யாருக்காக வேலை நடந்ததோ அவருக்கும், அந்த வீட்டில் உரிமை உள்ளவருக்கும் உரியது. பணம் யார் கொடுத்தார் என்று சட்டம் கேட்கவில்லை. எக்கோ திட்டத்தில் பணம் கொடுத்தது மின்சார, எரிவாயு நிறுவனங்கள். அதையும் அவை நாடு முழுவதும் உள்ள வாடிக்கையாளர்களின் பில்லில்தான் சேர்த்து எடுத்தன. அந்த வகையில் உங்கள் குடும்பமும் இதற்குப் பணம் கட்டியிருக்கிறது.

ஆனால் “குடியிருக்கத் தகுதியில்லை” என்று காட்டுவது லேசான காரியம் இல்லை. வெளிப்பூச்சில் கீறல், நிறம் மங்கல் போன்றவை போதாது. 2014இல் ஃபிளாட் குடியிருப்பு ஒன்றைப் பற்றிய ரெண்டில்ஷம் வழக்கில், குடியிருப்பவர்களின் உடல்நலத்துக்கும் பாதுகாப்புக்கும் ஆபத்து இல்லாமல், அளவுமீறிய சிரமமும் இல்லாமல் வாழ முடிய வேண்டும் என்று நீதிமன்றம் விளக்கியது. சுவர் வழியாகத் தண்ணீர் இறங்கி, பூஞ்சணம் பிடித்து, வயதானவருக்கு மூச்சுத் திணறல் என்றால் அந்த அளவுகோலை எட்ட நல்ல வாய்ப்பு இருக்கிறது. அதை நிரூபிக்கச் சார்பற்ற கட்டட ஆய்வாளர் (சர்வேயர்) ஒருவரின் அறிக்கை கட்டாயம் வேண்டும்.

2015 நுகர்வோர் உரிமைச் சட்டத்தின்படி, நியாயமான கவனத்தோடும் திறமையோடும் வேலை செய்யவில்லை என்றும் கேட்கலாம். அங்கே எதிர்த்தரப்பு, பணமே கொடுக்காதபோது ஒப்பந்தம் எங்கே இருக்கிறது என்று வாதாடும். அதற்கும் பதில் சொல்லலாம். இருந்தாலும் 2ஏ பிரிவை முன்னால் வையுங்கள் என்றுதான் நான் சொல்வேன். காலவரம்பும் ஒரு காரணம். ஒப்பந்தம் மீறியதற்கு ஆறு ஆண்டு, 2ஏ பிரிவுக்கு வேலை முடிந்ததிலிருந்து பதினைந்து ஆண்டு. இந்தப் பிரிவு ஸ்காட்லாந்துக்கு இல்லை, கிளாஸ்கோ பக்கம் இருக்கும் வாசகர்கள் கவனிக்கவும்.

டேப்லெட்டில் போட்ட கையெழுத்தை நினைத்து அம்மா வருந்த வேண்டாம். வேலை திருப்தி என்று எழுதியதில் கையெழுத்து வாங்கிவிட்டு இந்தச் சட்டக் கடமைகளிலிருந்து தப்ப முடியாது. அப்படி விலக்கும் வாசகம் எதையும் 1972 சட்டமே செல்லாது என்கிறது.

இது உங்கள் வீட்டுக்கு மட்டும் நடந்ததல்ல. 2025 அக்டோபரில் பிரிட்டனின் தேசியத் தணிக்கை அலுவலகம் வெளியிட்ட அறிக்கையைப் படித்தபோது எனக்கு ஆத்திரமாகவே இருந்தது. எக்கோ-4, கிரேட் பிரிட்டிஷ் இன்சுலேஷன் ஆகிய இரண்டு திட்டங்களிலும் வெளிச்சுவர் இன்சுலேஷன் போட்ட வீடுகளில் 98 சதவீதம் திருத்த வேண்டிய பெரிய குறைகளோடு இருக்கின்றன. அதாவது 22,000 முதல் 23,000 வீடுகள். ஆறு சதவீதத்தில் உடனடி ஆபத்து. குளிரில் அதிகம் கஷ்டப்படும் வருமானம் குறைந்த குடும்பங்களைத் தேடிப்போய்ச் செய்த வேலை இது! விதிமுறை இல்லாமல் போகவில்லை. பாஸ் 2035 என்ற தரவிதி, முதலில் வீட்டை அளந்து, காற்றோட்டத்துக்கு வழி செய்து, ஒருங்கிணைப்பாளர் ஒருவரின் மேற்பார்வையில் வேலை நடக்க வேண்டும் என்கிறது. காற்றோட்டம் செய்யாமல் சுவரை மூடினாலோ, ஜன்னல் விளிம்பிலும் கூரை ஓரத்திலும் சரியாக அடைக்காமல் விட்டாலோ, ஈரம் உள்ளே தங்கிவிடும். உங்கள் வீட்டிலும் இந்த இரண்டில் ஒன்று, அல்லது இரண்டுமே, நடந்திருக்க அதிக வாய்ப்பு இருக்கிறது.

சரி, இனி செய்ய வேண்டியது. ஈரம் தெரியும் இடங்களைத் தேதி தெரியும்படி படம் எடுங்கள். கம்பெனியே வந்து, பூஞ்சணத்துக்கு மேல் பெயின்ட் அடித்துத் தருகிறோம் என்றால் விடாதீர்கள். காரணம் மறைந்துபோகும். அப்புறம், வேலை முடிந்தபோது வந்த காகிதங்களைத் தேடுங்கள். வீட்டு வேலைகளின் தரத்தைப் பார்க்கும் டிரஸ்ட்மார்க் அமைப்பின் பதிவுச் சான்றிதழும் 25 ஆண்டு உத்தரவாதப் பத்திரமும் அதில் இருக்க வேண்டும். உத்தரவாதத்தைக் கொடுத்தது கம்பெனி இல்லாத வேறொரு அமைப்பாக இருக்கும், கம்பெனி மூடிவிட்டாலும் அது பொறுப்பு ஏற்க வேண்டியது. காகிதம் கிடைக்காவிட்டால் டிரஸ்ட்மார்க்கிடம் முகவரியைச் சொல்லிக் கேளுங்கள்.

கம்பெனிக்கு எழுத்தில் புகார் அனுப்புங்கள், ஃபோன் மட்டும் போதாது. பதில் வராவிட்டால் அதற்குச் சான்று கொடுத்த அமைப்பு, அதற்கு அடுத்து டிரஸ்ட்மார்க் என்று மேலே போகலாம். இந்தத் திட்டங்களில் வெளிச்சுவர் இன்சுலேஷன் போட்ட எல்லா வீடுகளையும் வீட்டுக்காரருக்குச் செலவில்லாமல் பரிசோதிப்பதாக அரசு அறிவித்திருக்கிறது. மின்சார, எரிவாயு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்ஜெம் கடிதம் அனுப்பினால் ஒதுக்கி வைக்காதீர்கள். பரிசோதனைக்கு ஒப்புக்கொள்ளுங்கள், அறிக்கையின் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். அதற்காகப் பணமோ வங்கி விவரமோ கேட்டு வருகிறவர் மோசடிக்காரர்.

கம்பெனிகளைப் பதிவு செய்யும் அரசு அலுவலகமான கம்பனிஸ் ஹவுஸ் இணையதளத்தில் அந்தக் கம்பெனி இன்னும் நடக்கிறதா என்று பார்க்க முடியும், இலவசம்தான். நொடித்துப் போயிருந்தாலோ, கலைக்கப்பட்டிருந்தாலோ, அதன் பொறுப்புக் காப்பீட்டு நிறுவனத்தின் மேல் நேரடியாக வழக்குப் போட 2010ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று வழி விடுகிறது. பலர் கம்பெனி இல்லை என்றவுடன் கைவிட்டுவிடுகிறார்கள், அது தேவையில்லை.

ஜெயித்தால்தான் ஃபீஸ் என்று ஃபேஸ்புக்கில் கூப்பிடுகிறவர்களிடம் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். சுவர் இன்சுலேஷன் வழக்குகளை ஆயிரக்கணக்கில் எடுத்த ஷெஃபீல்ட் சட்ட நிறுவனம் ஒன்று 2024இல் நொடித்துப்போனது. பாவம், அந்த வாடிக்கையாளர்கள் பலருக்கு எதிர்த்தரப்பின் செலவுத் தொகை கேட்டுக் கடிதம் வந்தது. தோற்றால் எதிர்த்தரப்பின் செலவை எந்தக் காப்பீடு கட்டும், அதன் பத்திரம் எங்கே என்று கேட்டு, பத்திரத்தைக் கண்ணால் பாருங்கள். இங்கிலாந்தில் சாதாரணமாக 10,000 பவுண்ட் வரையான கோரிக்கை சிறு வழக்குப் பிரிவில் நடக்கும், அங்கே தோற்றாலும் எதிர்த்தரப்பின் வக்கீல் ஃபீஸ் பொதுவாக உங்கள் தலையில் விழாது. உங்கள் சுவரைக் கழற்றித் திரும்பப் போடுகிற செலவு அதைத் தாண்டக்கூடும். சர்வேயர் தொகையைச் சொன்ன பிறகு எந்த வழி என்று தீர்மானிக்கலாம்.

ஹீட் பம்ப் மானியம் உண்மையானது. பாய்லர் அப்கிரேட் திட்டம் என்று பெயர், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் காற்றிலிருந்து வெப்பம் எடுக்கும் பம்புக்கு 7,500 பவுண்ட். எம்சிஎஸ் என்ற தரச்சான்று பெற்ற நிறுவனம் உங்கள் சார்பில் விண்ணப்பித்து, பில்லில் கழித்துக்கொடுக்க வேண்டும். மீதி உங்கள் கைக்காசு, அது எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். ஆனால் இப்போது வேண்டாம். ஹீட் பம்ப், பாய்லரைவிடக் குறைந்த சூட்டில் தண்ணீரை ஓடவிட்டு வீட்டைச் சூடாக்குவது. அதனால் ஒவ்வொரு அறையும் எவ்வளவு வெப்பம் இழக்கிறது என்ற கணக்கு சரியாக இருக்க வேண்டும். நனைந்த சுவரில் கணக்குப் போட்டால் அது தப்பாகும், பிறகு எந்த வேலையால் எந்தக் குறை என்று இரண்டு கம்பெனிகளும் ஒன்றையொன்று காட்டும். முதலில் சுவர். ஏற்கனவே கையெழுத்துப் போட்டிருந்தால், வீட்டு வாசலில் செய்த இப்படிப்பட்ட ஒப்பந்தத்தை 14 நாளுக்குள் காரணம் சொல்லாமல் ரத்துச் செய்யலாம். மின்னஞ்சலில் அனுப்பி, பிரதியை வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டை மாற்றுவதற்கு வருகிறேன். 2ஏ பிரிவு பிறகு உரிமையாளராக வருகிறவருக்கும் பொருந்துவதால், பெயர் மாறினால் அந்த வழக்கு செத்துப்போகாது. ஒப்பந்த உரிமை அம்மாவிடமே நிற்கும், உத்தரவாதத்தை மாற்ற அந்த அமைப்பின் நிபந்தனையைப் பார்க்க வேண்டும். எனக்குக் கவலை வேறொன்று. நாளைக்கு அம்மாவுக்குப் பராமரிப்பு இல்லம் தேவைப்பட்டால், செலவைத் தவிர்க்க வேண்டுமென்றே வீட்டைக் கொடுத்தார் என்று கவுன்சில் முடிவெடுக்கலாம். அப்படி எடுத்தால், வீடு இன்னும் அவர் பெயரில் இருப்பதாகவே கணக்குப் பார்க்கும். ஆகவே சுவர்க் கோரிக்கை முடியும்வரை மாற்றத்தைத் தள்ளிவையுங்கள். மாற்றும்போது அம்மாவுக்கென்று தனி வக்கீல் இருக்கட்டும். அந்த வக்கீல் தமிழில் விளக்கக்கூடியவராக இருந்தால் இன்னும் நல்லது.