லைட்டும் கேமராவும் நாமே பொருத்தலாமா?

கேள்வி: கும்பகோணத்தில் அப்பா, அம்மா மட்டும் இருக்கிறார்கள். வீடு கட்டி 15 வருடம். நான் பெங்களூருவில். வாசல், மாடிப்படி விளக்குகளைப் போனிலிருந்து போட்டு அணைக்க வேண்டும், வாசலில் ஒரு கேமரா வேண்டும். கடைக்காரர் ‘முழு பேக்கேஜ்’ 85,000 ரூபாய் என்கிறார். நானே வாங்கிப் பொருத்தலாமா?

பதில்: தாராளமாக. நாலு விளக்குக்கும் ஒரு கேமராவுக்கும் பேக்கேஜ் எதற்கு? சுவிட்ச் போர்டுக்குள் வைக்கும் சின்ன வைஃபை ரிலே, அதாவது போனிலிருந்து விளக்கைப் போட்டு அணைக்கும் கருவி, போதும். பழைய சுவிட்சும் வேலை செய்கிற மாதிரி ஒயர் கொடுக்கலாம். அம்மா வழக்கம்போல் சுவிட்சைத் தட்டுவார், நீங்கள் போனில் தட்டுவீர்கள்.

கடைக்குப் போகும் முன் மெயினை அணைத்துவிட்டு, எலக்ட்ரீஷியனை வைத்துப் போர்டைத் திறந்து பாருங்கள். இந்த ரிலேக்கள் பெரும்பாலானவற்றுக்கு நியூட்ரல் ஒயர், அதாவது கரண்ட் திரும்பிப் போகும் ஒயர், வேண்டும். நம் ஊர் வீடுகளில் பிளக் பாயின்ட் உள்ள போர்டில் நியூட்ரல் இருக்கும். வெறும் சுவிட்சுகள் மட்டும் உள்ள போர்டில், மாடிப்படியில் இருப்பது போல, பெரும்பாலும் இருக்காது. அதற்கென்று ‘நியூட்ரல் தேவையில்லை’ வகை விற்கிறார்கள். அது விழித்திருக்கத் தேவையான சிறு மின்சாரத்தைப் பல்பு வழியாகவே இழுக்கும். குண்டு பல்பு காலத்தில் அது தெரியாது. 5 வாட் எல்இடி என்றால் அணைத்த பிறகும் ராத்திரியெல்லாம் மங்கலாக எரியும், அல்லது மினுக்கும். பல்போடு பைபாஸ் கெபாசிட்டர் (அந்தச் சிறு மின்சாரத்துக்கு மாற்று வழி தரும் சின்னப் பாகம்) வைத்தால் பெரும்பாலும் சரியாகும். இல்லையென்றால் பிளக் போர்டிலிருந்து நியூட்ரலை இழுத்து வாருங்கள். சில எலக்ட்ரீஷியன்கள் பச்சை எர்த் ஒயரையே நியூட்ரலாகக் கொடுத்துவிடுவார்கள். அதற்கு ஒருபோதும் சம்மதிக்காதீர்கள். எர்த் எங்காவது விட்டுப்போனால் கிரைண்டரின் இரும்பு உடம்பிலேயே கரண்ட் பாயும். வீடு கட்டும்போதே எல்லாச் சுவிட்ச் போர்டுக்கும் ஒரு நியூட்ரல் விட்டிருந்தால் இந்தத் தொல்லையே இல்லை. இன்றும் பல புது வீடுகளில் விடுவதில்லை, பலர் கேட்பதும் இல்லை.

எந்த பிராண்டானாலும் இன்டர்நெட் இல்லாமல் வீட்டுக்குள் இயங்குகிறதா என்று கேளுங்கள். பெட்டியில் ‘மேட்டர்’ (வெவ்வேறு கம்பெனிக் கருவிகள் சேர்ந்து இயங்குவதற்கான பொதுத் தரம்) முத்திரை இருந்தால் நல்லது. 2022 ஏப்ரலில் ஸ்மார்ட் வீட்டுக் கருவிகள் விற்ற அமெரிக்காவின் இன்ஸ்டியான் நிறுவனம் சர்வரை முன்னறிவிப்பில்லாமல் நிறுத்தியபோது, வாங்கியவர்களின் போன் ஆப் முடங்கிப்போனது. கரண்ட் போனால் கேமராவும் குருடு, ஆகவே ரவுட்டரையும் கேமராவையும் இன்வெர்ட்டர் லைனில் போடுங்கள்.

கேமராவில் நான் அதிகம் பயப்படுவது திருடனுக்கு அல்ல, பொருத்தும் ஆளுக்கு. பலர் அட்மின் கணக்கைத் தங்கள் மெயிலில் திறந்து, உங்களுக்கு ‘ஷேர்’ மட்டும் கொடுக்கிறார்கள். போன வருடம் நான் பார்த்த ஒரு வீட்டில், இரண்டு வருடத்துக்கு முன் கேமரா மாட்டிய பையனின் போனில் இன்னமும் அந்தக் கூடம் ஓடிக்கொண்டிருந்தது. பாஸ்வேர்டை மாற்றித் தரச் சர்வீஸ் சார்ஜ் வேறு கேட்டார். 2025 ஏப்ரல் முதல் பாதுகாப்புச் சோதனை தேறிய கேமராக்களே விற்பனைக்கு வர வேண்டும் என்று மத்திய அரசு விதி வைத்திருக்கிறது. மாட்டுகிறவர் பாஸ்வேர்டை வைத்துக்கொண்டால் அந்தச் சோதனை என்ன செய்யும்? பெட்டியை நீங்களே பிரியுங்கள், கணக்கை உங்கள் மெயிலில் திறங்கள், பாஸ்வேர்டை அப்பாவின் டைரியிலும் எழுதி வையுங்கள். ஆன்விஃப் என்ற பொதுத் தரம் உள்ள கேமராவாக வாங்கினால், பின்னால் வேறு கம்பெனி ரெக்கார்டரோடும் சேர்க்கலாம்.

தண்ணீர் மோட்டாரை மட்டும் இந்தச் சின்ன ரிலேயில் நேரடியாகக் கொடுக்காதீர்கள், கான்டாக்டர் (அதிகக் கரண்டைத் தாங்கும் பெரிய சுவிட்ச்) வேண்டும்.