நண்பர் வீட்டில் தங்குவதை விசா விண்ணப்பத்தில் மறைக்காதீர்கள்

கேள்வி: பெங்களூரு ராமமூர்த்தி நகரில் இருக்கிறோம். நான், கணவர், 7 வயது மகள், அப்புறம் பயணத்தின் நடுவில் 2 வயது முடியப்போகும் மகன். கோடை விடுமுறையில் பாரிஸ் புறநகரில் இருக்கும் கணவரின் நண்பர் வீட்டில் தங்கி ஊர் சுற்றிப் பார்த்துவிட்டு, அவர்கள் குடும்பத்தோடு மூன்று நாள் சுவிட்சர்லாந்தும் போவதாகத் திட்டம். லீவு இல்லாததால் கணவர் மட்டும் முன்னதாகவே திரும்பிவிடுவார். நண்பர் வீடு என்று எழுதினால் ஆயிரம் கேள்வி வரும், டம்மி ஹோட்டல் புக்கிங் வைத்துவிடலாம் என்கிறார் ஏஜென்ட். பிரான்சுக்கு ஸ்லாட் (விசா அப்பாயின்ட்மென்ட் தேதி) இல்லை, சுவிட்சர்லாந்துக்கு விண்ணப்பித்துவிடலாம் என்றும் சொல்கிறார். சரி என்று சொல்லலாமா?

பதில்: சொல்லாதீர்கள். இரண்டுமே தவறான வழி. மாட்டிக்கொண்டால் அவதிப்படப்போவது உங்கள் குடும்பம்தான், ஏஜென்ட் அல்ல.

முதலில் ஹோட்டல் விஷயம். பிரான்சில் ஒருவர் வீட்டில் தங்குவதற்கென்றே ஒரு சான்று உண்டு. அதன் பெயர் 'அத்தெஸ்தாசியோன் தக்கேய்'. உங்கள் நண்பர் தன் ஊர் நகராட்சி அலுவலகத்துக்கு, அங்கே 'மேரி' என்பார்கள், போய் இதை வாங்க வேண்டும். அடையாள அட்டை அல்லது வதிவிட அனுமதி, வீட்டுப் பத்திரம் அல்லது வாடகை ஒப்பந்தம், மின் கட்டண ரசீது, வருமானச் சான்று ஆகியவை கேட்பார்கள். 30 யூரோ முத்திரைக் கட்டணம் உண்டு. கையில் கிடைக்க ஒரு மாதம்கூட ஆகலாம். பிறகு அசல் தாளை கூரியரில் உங்களுக்கு அனுப்ப வேண்டும். எல்லாம் இணையத்தில் நடக்கும் காலத்திலும் ஒரு தாள் கடல் தாண்டி வந்தால்தான் கோப்பு நகரும் என்பது எனக்கு எரிச்சலாகத்தான் இருக்கிறது. ஆனாலும் விதி அதுதான். நண்பரை இந்த வாரமே மேரியில் அப்பாயின்ட்மென்ட் எடுக்கச் சொல்லுங்கள்.

இந்தச் சான்றால் உங்களுக்கு ஒரு லாபமும் உண்டு. ஹோட்டலில் தங்குபவர் கையில் நாளொன்றுக்கு 65 யூரோ இருப்பதாகக் காட்ட வேண்டும். இந்தச் சான்று வைத்திருப்பவர் 32.50 யூரோ காட்டினால் போதும். பத்து நாளுக்கு ஒருவருக்கு 650 யூரோவுக்குப் பதில் 325. ஏஜென்ட் இதைச் சொல்லியிருக்க மாட்டார். இதில் அவருக்குக் கிடைப்பது ஒன்றுமில்லையே.

டம்மி புக்கிங் என்றால் என்ன? விசா வந்த மறுநாளே, பல நேரம் அதற்கும் முன்பே, ரத்தாகிவிடும் அறை. தூதரகத்தில் இருப்பவர்கள் ஹோட்டலைத் தொடர்புகொண்டு விசாரித்தால் அங்கேயே கதை முடிந்தது. விசா கிடைத்துவிட்டாலும் நிம்மதி இல்லை. பாரிஸ் விமான நிலையத்தில் எங்கே தங்குகிறீர்கள் என்று அதிகாரி கேட்பார். நீங்கள் நண்பர் வீடு என்பீர்கள், விண்ணப்பத்தில் ஹோட்டல் பெயர் இருக்கும். தூக்கக் கலக்கத்தில் அழும் இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு அங்கே விளக்கம் சொல்லும் நிலை யாருக்கும் வேண்டாம். விசா மறுக்கப்பட்டால் அந்தத் தகவல் ஷெங்கன் நாடுகளின், அதாவது ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின், பொதுத் தரவகத்தில் ஐந்து ஆண்டு இருக்கும். அடுத்த முறை இத்தாலிக்கு விண்ணப்பித்தாலும் அவர்கள் கண்ணில் படும்.

எந்த நாட்டுக்கு விண்ணப்பிப்பது என்பதிலும் குழப்பமே இல்லை. அதிக நாள் எங்கே தங்குகிறீர்களோ அந்த நாட்டுக்கு. உங்களுக்கு அது பிரான்ஸ். அதே விசாவில் சுவிட்சர்லாந்தும் போகலாம். அந்த மூன்று இரவுக்கு மட்டும் நிஜமான ஹோட்டல் புக்கிங் வையுங்கள், ரத்து செய்யும் வசதியோடு.

ஸ்லாட் இல்லை என்பது பாதி உண்மை. கர்நாடகத்தில் பள்ளி விடுமுறை எப்போது வரும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அப்படியிருந்தும் ஒவ்வொரு ஆண்டும் அதே மாதங்களில் குடும்பங்கள் இரவு முழுக்கக் கணினி முன் உட்கார்ந்து தேதி தேடுகின்றன. இடைத்தரகர்கள் தேதிகளை மொத்தமாகப் பிடித்துவைத்து ஆயிரக்கணக்கில் விற்கிறார்கள். இதை ஏன் நிறுத்த முடியவில்லை என்பதற்கு யாரிடமும் பதில் இல்லை. நீங்கள் செய்யக்கூடியது ஒன்றுதான்: பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம், அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். கடைசி வரம்பு பயணத்துக்கு 15 நாள் முன்பு. அதை நம்பி உட்காராதீர்கள், பரிசீலனை 45 நாள் வரை நீளலாம். விண்ணப்ப மையத்தில் தெரிந்த ஆள் இருக்கிறார் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். மையத்தின் வேலை கோப்பை வாங்கி அனுப்புவது. முடிவு தூதரகத்துடையது.

கட்டண ரசீதையும் கேட்டு வாங்குங்கள். 2024 ஜூன் முதல் ஷெங்கன் விசாக் கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 வயது முதல் 12 வயதுக்குள் 45 யூரோ. 6 வயதுக்குள் இலவசம். உங்கள் மகனுக்கும் விசாக் கட்டணம் என்று பணம் கேட்டால், அந்த ஏஜென்ட்டை விட்டு விலகுங்கள்.

இனி, நீங்கள் கேட்காமல் விட்ட ஒன்று. கணவர் முன்னதாகத் திரும்பினால், மீதி நாட்களில் பிள்ளைகள் உங்களோடு மட்டும் இருப்பார்கள். சுவிட்சர்லாந்துக்கும் உங்களோடுதான் வருவார்கள், வீடு திரும்புவதும் உங்களோடுதான். அதற்குத் தந்தையின் ஒப்புதல் கடிதம் வேண்டும். நம் குடும்பங்களுக்கு இது இன்னும் முக்கியம். நமக்கு அப்பா பெயர்தான் இனிஷியல். அதனால் பாஸ்போர்ட்டில் உங்களுக்குக் குடும்பப் பெயராக உங்கள் அப்பா பெயர் இருக்கும், பிள்ளைகளுக்கு உங்கள் கணவர் பெயர் இருக்கும். வெளிநாட்டு அதிகாரி பார்த்தால் தாய்க்கும் பிள்ளைகளுக்கும் ஒட்டே தெரியாது. கடிதத்தில் கணவரின் பாஸ்போர்ட் எண், பிள்ளைகளின் பெயர், பாஸ்போர்ட் எண்கள், பயணத் தேதிகள், போகும் நாடுகள், அவருடைய போன் நம்பர் எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கட்டும். நோட்டரி முன் கையெழுத்துப் போட வேண்டும். கூடவே அவருடைய பாஸ்போர்ட் நகல், பெற்றோர் இருவர் பெயரும் ஆங்கிலத்தில் உள்ள பிறப்புச் சான்று. சான்றில் உள்ள எழுத்தும் பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்தும் ஒத்துப்போகிறதா என்று ஒவ்வொரு எழுத்தாகப் பாருங்கள். விண்ணப்பத்தோடு ஒரு பிரதி, கைப்பையில் ஒன்று. செக்-இன் பெட்டியில் போட்டுவிடாதீர்கள். தூதரகத்துக்கான பயணத் திட்டத்திலும் கணவர் திரும்பும் தேதியைத் தனியாக எழுதுங்கள். நான்கு பேரும் சேர்ந்து திரும்புவதாக ஏஜென்ட் எழுதிவைத்தால், நீங்கள் அறியாமலே அதுவும் பொய்த் தகவல் ஆகிவிடும்.

நால்வருக்கும் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு எடுங்கள். விமான டிக்கெட்டை முன்பதிவாக மட்டும் வையுங்கள், விசா வந்தபின் பணம் கட்டலாம். மகனுக்கு எடுக்கும்போது கவனம் தேவை: போகும்போது மடியில் உட்காரும் குழந்தைக் கட்டணம் பொருந்தும், திரும்பும் நாளில் 2 வயது முடிந்திருந்தால் தனி இருக்கை எடுத்தாக வேண்டும்.